எழுதாத கை

ஜூலை மாதத்தில் அப்பாம் என்ற மீனவ ஊரின் கடற்கரையில் காலை ஒன்பது மணி வரை கடல் கண்ணில் படாது. வெள்ளை மூட்டம் மணலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அலையின் ஓசை மட்டும் எங்கிருந்தோ வரும். மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்கள் எல்லாம் கரையேறி, வயிறு முட்டத் தின்ற மாடுகள்போல ஒருபக்கமாகச் சரிந்திருக்கும். ஆண்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டே தூங்குவார்கள். பெண்கள் அணைந்த புகையடுப்புகளுக்குச் சேறு பூசிவிட்டு, ஒருவர் தலையை ஒருவர் பின்னிக்கொண்டிருப்பார்கள். ஊரே அரைக்கண் மூடிக் கிடக்கும் அந்த ஒரு மாதம்தான் பென்சிவாவுக்கு ஓய்வில்லாத மாதம்.

வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவள் அவள். பெயர் மட்டுமில்லை, பெயரோடு ஒரு பழமொழியோ, வேதவசனமோ, பக்கத்து வள்ளத்துக்காரனை நோண்டும் ஒரு சொல்லோ சேர்ந்தே வரும். எட்டு வருஷத்துக்கு முன்பு புளித்த சோளமாவை அவித்துக் கென்கி விற்கும் தன் தோழியின் கடைக்கு ஒரு பலகை எழுதிக் கொடுத்தாள். கென்கியை விடப் பலகையைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். அப்படித்தான் தொழில் தொடங்கியது.

அவள் எழுத்துக்கு ஒழுங்கான நடை கிடையாது. சில எழுத்து தொப்பையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சில எழுத்து காலை உதறும். கீழே வால் உள்ள எழுத்தெல்லாம் தூண்டில் முள்போல வளைந்து அடுத்த எழுத்தின் பாதத்தைக் கிச்சுகிச்சு மூட்டும். புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் மீன்கண் மாதிரி ஒரு வளையம். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். "இது பென்சிவா பேசுற மாதிரியே இருக்கு" என்பார்கள். உண்மையில் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு குமாசி நகரத்திலிருந்து ஒஃபோசுவா என்ற பெண் வந்தாள். கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள். கட்டம் போட்ட தாள்களைக் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் நான்கு தடவை எழுதச் சொன்னாள்.

"இந்த நாலுல எது நல்லா இருக்கு அக்கா?"

"நாலும் நல்லாத்தான் இருக்கு. நாலும் நாலு ஆளு."

"கம்ப்யூட்டருக்கு ஒரு ஆளு போதும்."

"அப்ப மத்த மூணு பேரும் எங்க போவாங்க?"

ஒஃபோசுவா சிரித்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அந்த ஊரார் பேசும் ஃபாந்தே மொழிக்கே உரிய இரண்டு எழுத்துகளையும் மறக்காமல் எழுதி வாங்கினாள். முதலாவது, மூன்று என்ற எண்ணை இடவலமாகத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கும். இன்னொன்று, வாயைப் பின்பக்கமாகத் திறந்த வளையம். பேசிய கூலியைக் கொடுத்தாள், ஒரு முழுத் துணியும் கொடுத்தாள், போய்விட்டாள். ஆறு மாதம் கழித்துப் பென்சிவாவின் எழுத்து, யாரும் எடுத்து அச்சடிக்கக்கூடிய கம்ப்யூட்டர் எழுத்தாக, ஊருக்குத் திரும்பி வந்தது.

முதலில் தண்ணீர் பாக்கெட்டில் வந்தது. பிறகு முடி பின்னும் கடைக் கண்ணாடியில். பிறகு கல்யாண அழைப்பிதழில், கொசுவர்த்தி விளம்பரத்தில், மூன்று நாள் உபவாச ஜெபத்தின் தட்டியில். சாவு அறிவிப்புகளில்கூட வந்தது; எழுபதைத் தாண்டிப் போனவர்களுக்கு மட்டும். வெள்ளை உடுத்தி ஆடிப்பாடி அனுப்பிவைக்கும் சாவுக்கு அந்த ஆடும் எழுத்து பொருந்தியது. சிவப்பும் கறுப்பும் உடுத்தும் இளஞ்சாவுக்கு அதைப் போட்ட அச்சுக்கடைக்காரன் ஒருவன் அடிவாங்கினான் என்று பேச்சு.

லாரி நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடக்கிற அரை மைல் தூரத்தில் பென்சிவாவின் காதில் அவள் பேச்சே இருபது தடவை விழுந்தது. அவள் ஒருபோதும் சொல்லாததை எல்லாம் சுவர்கள் அவள் குரலில் சொல்லின. வழுக்கைக்கு மருந்து உண்டு என்றன. வாக்களியுங்கள் என்றன. இயேசு வருகிறார், சில்லறை தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றன. தூக்கத்தில் பேசுகிறவர்கள் காலையில் எழுந்து, தாம் பேசியதைப் பிறர் வாயால் கேட்டுக்கொள்வார்களே, அப்படி இருந்தது. பயமும் இல்லை, பெருமையும் இல்லை. கொஞ்சம் மிதப்பதுபோல மட்டும் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை அவள் ஒரு வள்ளத்தின் பக்கவாட்டில் குந்தி, நீல வர்ணத்தைக் குழைத்துக்கொண்டிருந்தாள். மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் செருப்புச் சத்தம் வந்தது, பிறகு அராபா வந்தாள். அராபா பக்கத்துச் சந்தில் மீன் புகைபோடுகிறவள்.

"ஏய் பென்சிவா, ராத்திரி தூங்கினியா நீ?"

"ஏன், என் குறட்டை உன் வீடு வரைக்கும் கேட்டுச்சா?"

"குறட்டை இல்லடி, பேச்சு. ஊரே கேக்குது. வந்து பாரு, நீ என்ன பேசி வச்சிருக்கன்னு."

மீன் இறங்கும் துறையில் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தட்டி கட்டியிருந்தது. ஆள் உயரம், நாலு ஆள் நீளம். மூட்டம் விலக விலக எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தொப்பை தள்ளிய எழுத்து, காலை உதறும் எழுத்து, மீன்கண் வளையம். அத்தனையும் அவளுடையவை.

'வந்த மீனெல்லாம் ஒரே சட்டிக்கா?'

ஃபாந்தே மொழியில் அந்த ஒரு வரி, அவ்வளவுதான். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. தட்டிக்குக் கீழே நின்ற பெண்கள் பத்துப் பதினைந்து பேரும் வாயைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்கவா, பயத்தை அடக்கவா என்று தெரியவில்லை.

"நான் எழுதல" என்றாள் பென்சிவா.

"சரி."

"இது அச்சடிச்சது அராபா."

"சரின்னுதானே சொன்னேன். ஆனா எழுதின கைக்கு ஒரு முத்தம் கொடுக்கணும்போல இருக்கு. அது யார் கையோ."

அப்பாம் துறையில் சட்டி என்றால் குவான்சிமாவின் சட்டி. மீன்காரப் பெண்களுக்குத் தலைவி அவள். இரண்டு வள்ளம் வைத்திருக்கிறாள். வள்ளம் கரை தட்டியதும் யாருடைய பேசின் பாத்திரம் முதலில் நிறைய வேண்டும், யாருடையது கடைசியில், யாருடையது வெறுமனே திரும்ப வேண்டும் என்று அவள் புருவம் சொல்லும். போன ஆகஸ்டில், மீன் கொட்டிக் குவிந்த நாட்களில், அராபாவின் அடுப்பு பதினோரு நாள் எரியவில்லை. ஏதோ ஒரு கல்யாண வீட்டில் அராபா அவளுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லவில்லையாம்.

குவான்சிமா பென்சிவாவின் புருஷன் எக்கோவுக்கு அக்கா. பென்சிவா அவளை மரியாதையாக 'மாமே' என்றுதான் கூப்பிடுவாள். மூவரும் ஒரே முற்றத்தைச் சுற்றிய ஒரே வளவில் இருக்கிறார்கள். எக்கோ அக்காவின் வள்ளத்தில் மோட்டார் பிடிக்கிறவன்.

பென்சிவா வீட்டுக்குள் நுழைந்தபோது குவான்சிமா முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மண்சட்டியில் மிளகாய் நசுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, கை மட்டும் சின்னது. தலையைத் தூக்கவில்லை.

"ஆசிரியர் பைடூ படிச்சுக் காட்டினார்" என்றாள். "சட்டியாம். நல்ல வார்த்தை."

"மாமே, அது நான் இல்ல."

"எனக்கு எழுத்து தெரியாது பென்சிவா. ஆனா கை தெரியும். இருட்டுல பத்துப் பேரு இருமினாலும் என் தம்பி இருமல் எதுன்னு நான் சொல்வேன். அந்த மாதிரி. உன் எழுத்து அங்க காலைத் தூக்கி ஆடுது, என்னைப் பார்த்து."

"அது கம்ப்யூட்டர்ல இருக்கு மாமே. யார் வேணும்னாலும் எடுத்து எழுதலாம்."

"யார் வேணும்னாலும் உன் வாயை எடுத்துப் பேசலாமா? அப்படி ஒரு வாயை ஏன் வெளிய விட்ட?"

 சட்டிக்குள் மரக்குழவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

"எக்கோ" என்று குவான்சிமா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். அவன் வாசலில் வந்து நின்றான். "நாளைக்குத் தலைவர் நானா அமிசா முன்னாடி பேச்சு. இவ எழுதலன்னு ரெண்டு கண்ணால பார்க்கிற மாதிரி யாராவது எனக்குக் காட்டணும். இல்லேன்னா ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி என் வள்ளத்துக்கு மோட்டார் பிடிக்க வேற ஆளு. என் சோத்தைத் தின்னுட்டு என் சட்டியை எண்ணுற வீட்டுக்கு என் வள்ளம் எதுக்கு?"

 பதினாறு வயதிலிருந்து எக்கோ மோட்டார் பிடிக்கிறான். கரையில் நிற்கும்போதுகூட அவன் வலது கை பிடியைத் திருகுவதுபோல் லேசாக அசைந்துகொண்டிருக்கும். தடைக்காலத்தின் முப்பத்தொரு நாளே அவனுக்கு நோய் மாதிரி. மற்ற வள்ளங்களில் மோட்டார்காரர்கள் எல்லாம் அவரவர் தம்பி, மருமகன். ஒருவரும் இடம் விடமாட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் வளவுக்குப் பின்னால் தென்னைமரத்தடியில் உட்கார்ந்து வெந்நீரில் பிசைந்த மரவள்ளி மாவான காரியும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள்.

"எழுதலன்னா எழுதலன்னு சொல்லிடு" என்றான் எக்கோ.

"சொன்னேனே."

"சொன்ன. அழுத்திச் சொல்லல."

பென்சிவா கையிலிருந்த காரியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு அந்த வார்த்தை தப்புன்னு தோணுதா?"

"வார்த்தையைப் பத்தி நான் கேக்கல."

"நான் கேக்குறேன்."

"எனக்குக் கடல் வேணும் பென்சிவா" என்றான் அவன். கோபமில்லாமல், பசிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். அவள் தன் தட்டிலிருந்த மீன் துண்டை அவன் பக்கம் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள். தடைக்காலமானாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு ஒருவரும் கடலில் கை நனைக்கமாட்டார்கள், வழக்குகளும் அன்றைக்குத்தான். மீனவர் தலைவர் நானா அமிசாவின் ஓலைக் கொட்டகையில் கூட்டம் கூடியது. மூட்டம் கொட்டகைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. எதிரே இருப்பவர் முகம் தெரிந்தது, அவருக்குப் பின்னால் இருப்பவர் வெறும் துணியாகத் தெரிந்தார். தட்டியை அவிழ்த்துக் கொண்டுவந்து கொட்டகையின் பின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். நானா மண்ணில் மூன்று சொட்டு மதுவை ஊற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பேச்சு சுருக்கமா இருக்கட்டும். எனக்கு முட்டிவலி. பென்சிவா, இது உன் எழுத்தா?"

"எழுத்து என்னோடது நானா. எழுதினது நான் இல்ல."

"குழந்தை என்னோடது, பெத்தது நான் இல்லங்கிற மாதிரி இருக்கே" என்றார் ஒரு கிழவர். கொட்டகை சிரித்தது.

பென்சிவா இரவெல்லாம் அந்தத் தட்டியை மனதுக்குள் படித்திருந்தாள். எழுந்து போய் அதன் இரண்டாவது சொல்லில் விரலை வைத்தாள்.

"ஆசிரியரே, இது என்ன?"

பைடூ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "எ."

"நல்லாப் பாருங்க."

பார்த்தார். பிறகு 'அடடே' என்றார். "இது மூணு! எண் மூணு! நம்ம எழுத்து இல்ல. இங்க பாரு, கடைசிச் சொல்லுல 'ஒ' இருக்கிற இடத்துல அடைப்புக்குறி!"

இளவட்டங்கள் எல்லாருக்கும் உடனே புரிந்தது. கைபேசியில் அந்த இரண்டு எழுத்துக்கும் பொத்தான் கிடையாது. ஊரே 'எ'வுக்குப் பதில் எண் மூன்றையும் 'ஒ'வுக்குப் பதில் அடைப்புக்குறியையும் தட்டித்தான் செய்தி அனுப்புகிறது. யாரோ கைபேசியில் தட்டி, அதையே அச்சுக்கடைக்கு அனுப்பி, பென்சிவாவின் எழுத்தில் போடு என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்து அவளுடையதாக மாறியது. பிழை தட்டியவருடையதாகவே நின்றுவிட்டது.

"தூரிகை பிடிக்கிற கைக்குப் பொத்தான் எதுக்கு?" என்றாள் பென்சிவா. "நான் ஏன் மூணு போடணும்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நானா தாடியைத் தடவினார். "சொன்னது சரி. கண்ணால பார்க்கணும்னுதானே குவான்சிமா கேட்டா? ஒரு பலகை கொண்டுவாங்க. இவ இதே வாக்கியத்தை இங்க எழுதட்டும். பக்கத்துல வச்சுப் பார்த்துடுவோம்."

வள்ளம் கட்டும் இடத்திலிருந்து ஒரு வெள்ளைப் பலகை வந்தது. பென்சிவா தன் நீல வர்ணத்தையும் தட்டைத் தூரிகையையும் எடுத்துக்கொண்டாள். முதல் சொல்லை எழுதினாள். இரண்டாவது சொல்லில் அந்தத் திரும்பிய எழுத்து வந்தது. வயிற்றை உள்ளே இழுத்து, இரண்டு கையையும் நீட்டி, யாரையோ கட்டிப்பிடிக்க வருவதுபோல நின்றது. பைடூ கைதட்டினார்.

"போதும் போதும்" என்றார் நானா. "தெரிஞ்சுபோச்சு. தட்டி இவ கை இல்ல. எக்கோ, உன் பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போ."

எக்கோ எழுந்தான். பென்சிவா தூரிகையை வர்ணத்தில் தோய்த்தாள்.

இரண்டு நாளாக அந்தத் தட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் வந்தது தொழில் எரிச்சல்தான். ஒரே முகமுள்ள இரண்டு எழுத்து அடுத்தடுத்து நிற்கலாமா, இடைவெளி இப்படியா விடுவது என்று. அதைச் சரிசெய்யத்தான் மூன்றாவது சொல்லைத் தொடங்கினாள். அந்தச் சொல்லின் பாதியில் எங்கோ எரிச்சல் தீர்ந்துபோயிற்று. மூட்டத்தில் ஓசையெல்லாம் தூரமாகிவிட்டது. யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். அராபாவின் எரியாத அடுப்பும், தான் அந்தப் பதினோரு நாளும் குவான்சிமாவின் சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்ட மீனும் ஞாபகம் வந்தன. கை நிற்கவில்லை. கடைசிச் சொல்லில் வாய் திறந்த வளையத்தைப் போட்டாள். வினாக்குறியை மெதுவாக, தூண்டில் முள்போல வளைத்து, அடியில் மீன்கண்ணை வைத்தாள்.

தூரிகையைக் கீழே வைத்தாள்.

"போதும்னு சொன்னேனே அம்மா" என்றார் நானா, மெல்ல.

"கேட்டுச்சு நானா."

எக்கோ முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான்.

குவான்சிமா எழுந்து வந்தாள். தட்டியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி தட்டியை. "ரெண்டும் ஒண்ணுதானே. மூணுங்கிறீங்க, எட்டுங்கிறீங்க. எனக்கு ரெண்டும் இவ ஆட்டமாத்தான் தெரியுது." பென்சிவாவின் பக்கம் திரும்பினாள். "பைடூ படிச்சது வேணாம். நீ படி. உன் வாயால."

 எழுதுவது ஒன்று, நாத்தனாரின் முகத்துக்கு நேரே சொல்வது வேறு. பென்சிவா ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை நகர்த்திப் படித்தாள். குரல் சின்னதாகத்தான் வந்தது.

"வந்த... மீனெல்லாம்... ஒரே... சட்டிக்கா?"

"இதுல என் பேரு எங்க இருக்கு?"

"உங்க பேரு இல்ல மாமே."

"எங்கயும் இல்லையா?"

"எங்கயும் இல்ல."

குவான்சிமா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கண்ணெதிரே இருந்தவர்களையும், மூட்டத்தில் வெறும் துணியாகத் தெரிந்தவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்ப இல்லாத பேரு உங்க எல்லார் காதுலயும் எப்படி விழுந்துச்சு?"

 அராபா தரையைப் பார்த்தாள். குவான்சிமா இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மணல்மேட்டில் ஏறிப் போனாள். நாலு அடியில் மூட்டம் அவளை எடுத்துக்கொண்டது.

நானா பெருமூச்சு விட்டார். "தட்டி இவ எழுதினது இல்ல. அது தீர்ப்பு. பலகையை இவதான் எழுதினா. ஆனா பலகையைப் பத்தி யாரும் என்கிட்ட வழக்குக் கொண்டுவரல. வள்ளத்துல யாரை ஏத்துறதுன்னு வள்ளத்துக்காரிதான் சொல்லணும், நான் இல்ல. எழுந்திருங்க, முட்டி வலிக்குது."

ஆண்கள் கலைந்தார்கள். எக்கோ மனைவியைப் பார்த்தான். பிறகு கடல் இருக்கும் திசையில் நடந்தான். பென்சிவா பலகையைத் தூக்கப் பார்த்தாள். வர்ணம் காயவில்லை. கொட்டகைக்கு வெளியே மணலில் சாய்த்து வைத்துவிட்டுத் தூரிகையைத் துடைக்க உட்கார்ந்தாள்.

அராபா முதலில் வந்தாள். "இதுல சட்டி எது?"

"இது."

"இவ்வளவு சின்னதா?" என்றாள். விரல்நுனியால் அதைத் தொட்டாள். எழுத்தின் தொப்பையில் விரல்ரேகை பதிந்தது. பிறகு இன்னொருத்தி வந்தாள். "எனக்கும் சட்டியைக் காட்டு." படிக்கத் தெரியாத பெண்கள் ஒவ்வொருவராக மூட்டத்துக்குள்ளிருந்து வந்தார்கள். தொட்டார்கள், நீலமான விரலைப் பார்த்துத் தமக்குள் சிரித்துக்கொண்டு மூட்டத்துக்குள் போனார்கள். வர்ணம் கலைகிறதே என்று பென்சிவா தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வள்ளத்துக்குப் பெயர் எழுத ஒருவர் கூப்பிட, பலகையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மாலையில் வளவு அமைதியாக இருந்தது. எக்கோ முற்றத்தின் ஓரத்தில் மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. பென்சிவா கென்கியின் வாழையிலையைப் பிரித்து வைத்தாள். மிளகாயும் தக்காளியும் நசுக்கி, வறுத்த மீனை மேலே போட்டாள். குவான்சிமா வருவாளோ மாட்டாளோ என்று மூன்று பேருக்கும் சேர்த்தே வைத்தாள்.

குவான்சிமா வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தில் கையை விட்டு நெடுநேரம் கழுவினாள். சோப்புப் போட்டு, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு கென்கியில் ஒரு துண்டைப் பிட்டாள்.

"எக்கோ" என்றாள், யாரையும் பார்க்காமல். "மோட்டாருக்குப் புது பிளக் வேணும்னியே. நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடு. ஒண்ணாம் தேதி நடுக்கடல்ல நின்னு என் மானத்தை வாங்காத."

"சரி அக்கா."

பென்சிவா மிளகாய்ச் சட்டியை நாத்தனார் பக்கம் நகர்த்தினாள். அந்தச் சின்னக் கை சட்டிக்குள் வந்தது. அதன் ஆள்காட்டி விரலின் நுனியில், நகக்கண் வரைக்கும், நீலம்.